வாசல் பலகையை அளப்பவர்கள் நோயை அளப்பார்களா?

கிராமத்துத் துணைச் சுகாதார நிலையம் ஒன்றின் தரத்தை ஒன்றிய பாஜக அரசு எதைக் கொண்டு மதிப்பிடுகிறது? சுவரின் நிறத்தைக் கொண்டு. வாசலில் தொங்கும் பலகையைக் கொண்டு. 2023 நவம்பரில் 'சுகாதார, நல்வாழ்வு மையம்' என்ற பெயரை 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று மாற்றினார்கள். மருந்து கிடைக்க வேண்டிய இடத்திற்குக் கோயில் என்று பெயர்! தாங்கள் விதித்த பெயரையும் அடையாளங்களையும் ஏற்கத் தயங்கிய கேரளம், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களுக்குத் தேசிய சுகாதார இயக்கத்தின் நிதியையே நிறுத்தி வைத்தார்கள். செவிலியர் ஊதியமும் மருந்துக் கொள்முதலும் ஒரு பலகைக்காகப் பணயம் வைக்கப்பட்டன.

இந்த மையங்களும், மருத்துவமனைச் சிகிச்சைக்கான காப்பீடும் சேர்ந்ததுதான் 2018இல் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம். ஆனால் பிரதமரின் படத்தோடு வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது காப்பீட்டு அட்டை மட்டுமே. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்கிறார்கள். எதற்கு? மருத்துவமனையில் படுத்தால்தான். சர்க்கரை நோயாளிக்கு மாதந்தோறும் வேண்டிய மாத்திரைக்கு இந்த அட்டையில் இடமில்லை. மருத்துவமனையில் சேருவதற்கு முந்தைய 3 நாட்களும், வீடு திரும்பிய பிந்தைய 15 நாட்களுமே கணக்கில் வரும். மாத்திரை கிடைக்காமல் சிறுநீரகம் பழுதானால் டயாலிசிசுக்குப் பணம் உண்டு. பழுதாகாமல் காப்பதற்குப் பணம் கிடையாது. நோய் முற்றும்வரை காத்திருந்து, அதன்பின் தனியார் மருத்துவமனையின் கல்லாவை நிரப்பும் ஏற்பாட்டிற்குச் சுகாதாரப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

திட்டத்தின் வெற்றியை எப்படி அளக்கிறார்கள்? 40 கோடிக்கும் அதிகமான அட்டைகள் வழங்கியதாக மார்தட்டுகிறார்கள். அந்த எண்ணிக்கையின் லட்சணம் என்ன என்பதைத் தலைமைத் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை காட்டிவிட்டது. 9 என்ற இலக்கத்தைப் பத்து முறை எழுதிய ஒரே கைபேசி எண்ணோடு 7,49,820 பயனாளிகள் இணைக்கப்பட்டிருந்தனர். இறந்துவிட்டதாக ஏற்கெனவே பதிவான நோயாளிகளின் பெயரில் 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்தது. இறந்தவருக்கும் சிகிச்சை அளித்த சாதனை வேறெந்த நாட்டிற்கும் வாய்த்திராது.

இதற்கெல்லாம் மாற்றாக 2022 ஆகஸ்டில் தேசிய சுகாதார ஆணையம் புதிய அளவுகோல்களை அறிவித்தது. நோயாளியின் திருப்தி, மீண்டும் மருத்துவமனையில் சேருவோர் விகிதம், சொந்தக் கைச்செலவு, உறுதியான புகார்கள், சிகிச்சைக்குப் பின் வாழ்க்கைத் தரத்தில் முன்னேற்றம் என ஐந்து. தவறான அளவுகோல்கள் என்று சொல்லமாட்டோம். ஆனால் ஐந்தும் மருத்துவமனை வாசலைத் தாண்டிய பிறகே தொடங்குகின்றன. அந்த வாசலுக்கு ஒருவர் வந்திருக்கவே வேண்டாமே என்ற கேள்வி ஐந்தில் ஒன்றிலும் இல்லை. தனியார் காப்பீட்டின் தாயகமான அமெரிக்காவில்கூட, தன் உறுப்பினர்களில் எத்தனை பெண்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை நடந்தது, ரத்த அழுத்த நோயாளிகளில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது என்று காப்பீட்டு நிறுவனங்கள் விகிதக் கணக்குக் காட்டியாக வேண்டியிருக்கிறது. (அந்த நட்சத்திர மதிப்பெண்ணைக் காட்டியே அரசிடம் ஊக்கத்தொகை கறக்கும் வித்தையும் அங்கே உண்டு. அது நமக்கு முன்மாதிரி அல்ல.)

நோய்த் தடுப்பை அளக்கவே முடியாது என்று அதிகாரிகள் கைவிரிக்கத் தேவையில்லை. நம் நாட்டிலேயே வழி இருக்கிறது. 2017 நவம்பரில் பஞ்சாப், மத்தியப் பிரதேசம், கேரளம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களில் தொடங்கிய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி, எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதோடு நின்றுவிடவில்லை. பதிவு செய்த நோயாளிகளில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது, வராமல் போனவர் யார் யார் என்று காலாண்டுதோறும் கேட்டது. எளிய மருந்து முறை, வீட்டருகே மாதத்திற்கு வேண்டிய மாத்திரை, வராதவரைத் தேடிப்போகும் ஊழியர் - இவ்வளவுதான் அதன் ரகசியம். சிகிச்சையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. பாதிப் பேருக்கு வரவில்லை என்பதையும் அந்தக் கணக்கே சொல்லியது, மறைக்கவில்லை. அதுதான் அளவீடு.

கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பாருங்கள். ஆண்டுதோறும் 75,000க்கும் மேற்பட்ட இந்தியப் பெண்களைக் கொல்லும் நோய் இது. முன்கூட்டியே கண்டால் முற்றாகத் தடுக்கலாம். அசெட்டிக் அமிலத்தைத் தடவி வெறுங்கண்ணால் பார்க்கும் சோதனைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களிடம் 12 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பத்தாம் வகுப்புப் படித்து நான்கு வாரம் பயிற்சி பெற்ற பெண்களே இந்தச் சோதனையைச் செய்தார்கள். இந்நோயால் ஏற்படும் மரணம் 31 சதவீதம் குறைந்தது. (சோதனை செய்யாமல் ஒப்பீட்டிற்காக வைக்கப்பட்ட பெண்களைக் குறித்த அறநெறிக் கேள்வி கடுமையானது, தனியே பேச வேண்டியது.) இவ்வளவு தெரிந்த பின்னும், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தச் சோதனைக்கு உட்பட்டோர் 1.9 சதவீதம். மார்பகச் சோதனை 0.9 சதவீதம்.

அதே ஆய்வில் மற்றோர் எண்ணும் இருக்கிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை அகற்றப்பட்டோர் 3 சதவீதத்திற்கும் அதிகம்; அறுவைகளில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. அதாவது இந்நாட்டில் கருப்பைவாய் சோதிக்கப்பட்ட பெண்ணைவிடக் கருப்பையே அகற்றப்பட்ட பெண்ணைக் காண்பது எளிது. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களின் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டதையும், காப்பீட்டுப் பணம் அதற்குத் தூண்டுகோலாக இருந்ததையும் குறித்த வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களில் ஏற்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சோதனை செய்தால் லாபமில்லை, அறுத்தால் லாபம் என்றிருக்கும் இடத்தில் கத்தி எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

இந்த நிலைமையை மாற்றும் வேலை யார் தலையில் விழுகிறது? ஆஷா ஊழியரின் தலையில். 30 வயது கடந்த ஒவ்வொருவரையும் வீட்டில் சந்தித்து, புகையிலைப் பழக்கம், இடுப்பளவு, குடும்பத்தில் நோய் என்று கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். ஒரு படிவத்திற்கு 10 ரூபாய். ஒரு தேநீர் விலை. அவர் ஊழியர் அல்ல, 'தன்னார்வலர்' என்கிறது அரசு. 2022இல் உலக சுகாதார அமைப்பு விருதளித்துப் பாராட்டியது இவர்களைத்தான், பிரதமரும் வாழ்த்தினார். குறைந்தபட்ச ஊதியம் மட்டும் வந்து சேரவில்லை. படிவத்திற்குக் கூலி உண்டு, மருந்துக்குக் கையிருப்பு இல்லை என்றால், படிவங்கள் பெருகும், நோயும் பெருகும். மேலிடத்தின் கணினித் திரையிலோ கோடிக்கணக்கானோர் 'பரிசோதிக்கப்பட்டோர்' ஆகிவிடுவார்கள்.

எண் கசக்கும்போது எண்ணுவதையே நிறுத்திவிடுவது இந்த அரசின் பழக்கம். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளிடையே ரத்தசோகை 58.6 சதவீதத்திலிருந்து 67.1 சதவீதமாகவும், பெண்களிடையே 53.1இலிருந்து 57 சதவீதமாகவும் உயர்ந்ததை மேற்சொன்ன ஆய்வு காட்டியது. அடுத்த சுற்றில் ரத்தசோகை அளவீட்டையே நீக்கினார்கள். விரலில் குத்தி எடுக்கும் ரத்தச் சோதனை துல்லியமற்றது, வேறோர் ஆய்வில் அளப்போம் என்றார்கள். முறையில் குறையிருந்தால் இரண்டையும் சில காலம் சேர்த்து நடத்தி ஒப்பிடலாமே! ஆய்வை நடத்திய நிறுவனத்தின் இயக்குநர் 2023 ஜூலையில் பணிநீக்கமல்ல, 'இடைநீக்கம்' செய்யப்பட்டார். நியமன முறைகேடு என்பது அரசு சொன்ன காரணம். நாடு நம்பியதா என்பது வேறு.

1946இல் போர் குழு, தடுப்பையும் சிகிச்சையையும் பிரிக்காத அரசு மருத்துவமனை வலைப்பின்னலைப் பரிந்துரைத்தது. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையை எழுதியது இதே மோடி அரசு. 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாகும் என்றும், அதில் மூன்றில் இரு பங்கு ஆரம்பச் சுகாதாரத்திற்கே என்றும் அதில் எழுதினார்கள். கொரோனா உச்சத்திலிருந்த 2021-22இல்கூட ஒன்றிய, மாநில அரசுகளின் செலவு சேர்த்து 1.84 சதவீதம். வருமான வரி கட்டுவோர் தடுப்புப் பரிசோதனைக்காக 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. கரும்பு வெட்டும் பெண்ணுக்கு எந்தப் பிரிவில் எவ்வளவு?

நமது கோரிக்கைகளில் புதிரொன்றும் இல்லை. அட்டைக் கணக்கை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு துணைச் சுகாதார நிலையத்தின் வாசலிலும் நான்கு எண்களை எழுதுங்கள்: இப்பகுதியில் 30 வயது கடந்தோர் எத்தனை பேர், அவர்களில் சோதிக்கப்பட்டோர் எத்தனை, நோய் கண்டு தொடர் மருந்து பெறுவோர் எத்தனை, கட்டுக்குள் வந்தோர் எத்தனை. கிராமசபையில் அதை வாசியுங்கள். மாதத்திற்குரிய மாத்திரையைத் தடையின்றிக் கொடுங்கள். ஆஷாக்களை அரசு ஊழியர்களாக்குங்கள். பலகையில் இடம் போதவில்லையென்றால், பெயரை எடுத்துவிடலாம்.