தெளிந்த தண்ணீர்

நமது செஞ்சிக்கு வருகிறவர்கள் முதலில் ராஜகிரியை அண்ணாந்து பார்ப்பார்கள். கழுத்து வலித்த பிறகு குனிந்து செட்டிக்குளத்தையும் சக்கரைக்குளத்தையும் பார்ப்பார்கள். 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்துவிட்டபடியால், அண்ணாந்து பார்ப்பது இப்போது சர்வதேசக் கடமையாகவும் ஆகிவிட்டது. ஆனால் இந்த வாரம் நாம் எழுத வந்தது எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் ஏறாத வேறொரு குளத்தைப் பற்றி. அது நமது அடுத்த வீட்டுக் கொல்லையில் இருக்கிறது.

அடுத்த வீட்டுப் பெரியவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கோடை விடுமுறைக்கு வரும் பேரக் குழந்தைகளுக்காக இருபதடி நீளம், பத்தடி அகலம், நாலடி ஆழத்தில் ஒரு நீச்சல் குளம் கட்டி வைத்திருக்கிறார். சென்ற வருஷத்துத் தண்ணீர் பாசி பிடித்துக் கீரை மசியல் போல் ஆகிவிட்டதால், அதைத் தென்னை மரங்களுக்குப் பாய்ச்சிவிட்டு, சுவரைத் தேய்த்துக் கழுவி, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து இரண்டு நாள் மோட்டார் ஓட்டிப் புதுத் தண்ணீர் நிரப்பினார். தண்ணீர் ஸ்படிகம் போலிருந்தது. போட்ட நாலணாவை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருப்போம்; நாலணாத்தான் இப்போது கிடைப்பதில்லை.

"வாத்தியாரையா, நீங்கள் ரசாயனம் படித்தவராயிற்றே! சனிக்கிழமை குழந்தைகள் இறங்கவேண்டும். இதில் என்ன போடலாம், சொல்லுங்கள்" என்றார் பெரியவர்.

இருபது வருஷமாக வகுப்பில் கேள்வி கேட்டுப் பழகிய நமக்கு, நம்மை ஒருவர் கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லிவிட வேண்டுமென்ற பலவீனம் உண்டு. "ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுங்கள், ஐயா. எந்தக் கிருமியும் நிற்காது" என்றோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலையில் அவ்விதமே ஊற்றப்பட்டது.

திங்கட்கிழமை காலையில் குளம் டிகாக்ஷன் நிறமாக இருந்தது. மத்தியானத்துக்குள் அதில் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கலங்கியது. "வாத்தியார் நன்றாகக் காப்பி போட்டுவிட்டார்" என்று அந்த வீட்டு அம்மாள் உள்ளேயிருந்து சொன்னது நமது காதில் விழாமலில்லை.

வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தோம். நடந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. நமது அவசரந்தான் அதிசயம். பாறையினடியிலிருந்து வரும் தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கலாம். கரைந்திருக்கும் வரையில் அது கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டவுடன் துருவாக மாறி வெளியே வந்துவிடும். அதுதான் டிகாக்ஷன். வெண்மைக்குக் காரணம் சுண்ணாம்பு. பூமிக்குள்ளிருக்கும் தண்ணீர் கரியமில வாயுவைச் சுமந்துகொண்டு வருகிறது. சோடா பாட்டிலைத் திறந்து வைத்தால் காற்று எப்படிப் போய்விடுகிறதோ, அப்படியே இரண்டொரு நாளில் குளத்திலிருந்தும் அந்த வாயு போய்விடும். அது போகப் போகத் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். பிளீச்சிங் பவுடரே சுண்ணாம்பிலிருந்து செய்வதாகையால், நாம் போட்ட ஒரு கிலோ அதை இன்னும் ஏற்றிவிட்டது. கரைந்திருந்த சுண்ணாம்பு, இனி இங்கே இருக்க முடியாதென்று பொடியாகப் பிரிந்துவிட்டது.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கி வந்து பார்த்தோம். காரச் சேமிப்பு லிட்டருக்கு 300 மில்லிகிராம் இருந்தது. 80 முதல் 120 வரை இருந்தால் போதும். பி.எச். எண் 8.4. அது 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே நிற்க வேண்டும்.

இந்தப் பி.எச். கணக்கை 1909-ஆம் ஆண்டில் வகுத்தவர் ஸோரன்ஸன் என்ற டென்மார்க் தேசத்து விஞ்ஞானி. அவர் வேலை செய்த ஆராய்ச்சிசாலையை நடத்தியது ஒரு பீர் கம்பெனி! மதுவிலக்கில் பற்றுள்ள நேயர்கள் மன்னிக்க வேண்டும். 7-லிருந்து 8-க்குப் போவது ஒரு படிதான் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. கிருமியைக் கொல்வது தண்ணீரில் போட்ட குளோரின் முழுவதுமல்ல, அதில் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும் பங்குதான். பி.எச். 7.5-ல் அந்தப் பங்கு ஏறக்குறையப் பாதி; 8-ல் நாலில் ஒன்று; 8.4-ல் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். மிச்சமெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்கும் சேவகர்கள். போதாக்குறைக்கு நமது ஊர் வெயில், விழித்திருப்பவர்களிலும் பாதிப் பேரை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும். நாம் சொன்ன ஒரு கிலோ நல்ல வெயிலில் ஓரிரு நாளில் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். இரும்பும் சுண்ணாம்பும் நம்மைக் காட்டிக் கொடுக்காமலிருந்தால், "தண்ணீர் தெளிவாயிருக்கிறது, வாத்தியாரும் சொல்லிவிட்டார்" என்று சனிக்கிழமை குழந்தைகளை இறக்கியிருப்பார்கள். 2024-ஆம் ஆண்டில் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோயால் குழந்தைகள் மாண்டது நினைவுக்கு வந்தது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் அந்தப் பிராணி மூக்கு வழியாக ஏறுகிறது. அன்றிரவு நமக்குச் சாப்பாடு செல்லவில்லை.

பெரியவரோ வேறு கேள்வி கேட்டார். "கல்யாண மஹாலுக்கு மண் குழாய் வைத்து ஜலம் கொண்டுபோனார்களே, வாத்தியாரையா! செட்டிக்குளத்துக்கு எந்த ராஜா மருந்து போட்டான்?"

நியாயமான கேள்வி. செட்டிக்குளத்தில் மீனும் தவளையும் சேறும் தாவரமும் உண்டு. ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு ஆகாரம். கொல்லையிலுள்ள சிமெண்டுத் தொட்டிக்கு அப்படி ஊழியர் யாருமில்லை. அங்கே மீன் வேலையையும் சேற்றின் வேலையையும் நாம்தான் பார்க்கவேண்டும். அன்றியும் பழைய குளங்களைப் பற்றி அளவுக்கு மீறிப் பெருமை பேசவும் நமக்கு மனம் வரவில்லை. 1884-ல் காக் என்ற ஜெர்மானிய வைத்தியர் காலராக் கிருமியைக் கல்கத்தாவின் குளம் ஒன்றிலேதான் கண்டார். இறங்கி நீரெடுக்கும் குளங்களும் கிணறுகளும் பரப்பிய நரம்புச் சிலந்தி நோய் நம் தேசத்தைவிட்டு ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது 2000-ஆம் ஆண்டில்தான்.

பெரியவர் இதைக் கேட்டுக்கொண்டே, "சரி, காரத்துக்கு அமிலந்தானே மாற்று?" என்று, கடையிலிருந்து தருவித்திருந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு வாளியில் சாய்க்கப் போனார். வாளியின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிளீச்சிங் பவுடர் கரைத்த அதே வாளி! வயதில் பெரியவர் என்றும் பாராமல் கையைப் பிடித்து இழுத்துவிட்டோம். அவ்விரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915-ல் ஈப்ர போர்க்களத்தில் ஜெர்மானியர் திறந்துவிட்ட அதே வாயு. அமிலத்துக்கு ஒரு வாளி, குளோரினுக்கு ஒரு வாளி என்று சாயம் பூசி வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினோம். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றலாகாது, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்பதையும் இரண்டு தடவை சொன்னோம்.

பிறகு கணக்குப் போட்டோம். குளம் 800 கன அடி. சுமார் 22,600 லிட்டர். முப்பது சதவீத அமிலம் அரை லிட்டர், அதன் காரச் சேமிப்பைப் பத்து அல்லது பதினொரு மில்லிகிராம் குறைக்கும். 300-ஐ 120-ஆக்க எட்டு லிட்டருக்குமேல் வேண்டும். ஒரேயடியாக ஊற்றாமல் வேளைக்கு இரண்டு லிட்டராக, மோட்டாரை ஓடவிட்டு, நாலு வேளை ஊற்றினோம். ஒவ்வொரு தடவையும் பி.எச். விழுந்து, குழாய்த் தண்ணீரைப் பூவாளி போல மேலே தெளிக்கவிட்டதும் மறுபடி ஏறியது. சேமிப்பு மாத்திரம் படிப்படியாகக் குறைந்தது. வெண்மை தானே கரைந்துபோயிற்று. துரு போகவில்லை. அதற்குப் புதன்கிழமை மாலை அரைக் கிலோ படிகாரம் கரைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தினோம். பானைத் தண்ணீருக்குப் பாட்டிமார் தேற்றாங்கொட்டை உரைத்துவிடுவார்களே, அதே வித்தைதான். விடிவதற்குள் துரு அடியில் படிந்தது. அதைக் குழாய் வைத்து உறிஞ்சித் தென்னைக்கு விட்டோம்.

வியாழக்கிழமை பொழுது சாய்ந்த பிறகுதான் குளோரின். லிட்டருக்கு மூன்று மில்லிகிராம் வேண்டுமென்றால் முப்பது சதவீதப் பிளீச்சிங் பவுடர் கால் கிலோவுக்கும் குறைவாகவே போதும். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதற்கு இது நாலில் ஒரு பங்கு! வெயிலில் வீணாகாமலிருக்க ஸயனூரிக் அமிலம் என்ற பொருளையும் எழுநூறு கிராம் சேர்த்தோம். அது ஒரு தடவைதான். அடிக்கடி சேர்த்தால் அதுவே குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். பிறகு தண்ணீரை மாற்றுவது தவிர வழியில்லை. நமது ஊரில் கோடையில் இரண்டு லாரித் தண்ணீரைக் கொட்டிவிட யாருக்கு மனம் வரும்?

சனிக்கிழமை காலையில் பி.எச். 7.5, குளோரின் 2. குழந்தைகள் துண்டும் கையுமாக ஓடி வந்தன. பெரியவர் வழி மறித்து, எல்லோரும் முதலில் குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரவேண்டுமென்றார். குளிப்பதற்கு முன் குளிப்பதா என்று பெரிய பேத்தி கேட்டாள். நீச்சல் குளங்களில் மூக்கைத் துளைக்கும் நாற்றம் குளோரின் அதிகமானதால் வருவதல்ல, வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்ததால் வருவது என்று நாம் விளக்க ஆரம்பித்தோம். பாதியிலேயே அவள் குழாயடிக்கு ஓடிவிட்டாள். கடைக்குட்டி மட்டும் அசையாமல் நின்று தாத்தாவைப் பார்த்து, "இந்த மாமாதான் காப்பி போட்டாரா?" என்று கேட்டான்.