வலசைப் பறவைகளும் பறவைக் காய்ச்சலும்: எங்கள் நிலைப்பாடு

2025-இன் தொடக்கத்தில் சிக்கபள்ளாப்பூர் அருகே வரதஹள்ளியில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் உறுதியானது. 2007 வரை கோலார் மாவட்டத்தில் இருந்த பகுதி அது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் கோலார் தங்கவயலிலும் ஒரு கேள்வி எழுகிறது: பேத்தமங்கலம் முதலான ஏரிகளுக்கு வரும் வலசைப் பறவைகளை விரட்டிவிடலாமா?

கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு. கண்காணிப்புதான் தேவை. அதுவும் ஏரிக்கரையோடு நின்றுவிடாமல் கோழி வண்டி போகும் வழியெங்கும் நடக்க வேண்டும்.

பறவைகளுக்குத் தொடர்பே இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸ் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகளைக் கொன்றது. செத்தவற்றில் வரித்தலை வாத்துகள் மிகுதி. குளிர்காலத்தில் கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டின் கூந்தன்குளத்துக்கும் வருகிற இனம் அது. சில வாத்தினங்கள் நோய்க்குறி காட்டாமலே வைரஸைச் சுமந்து, எச்சத்தின் வழியே நீரில் விடுகின்றன. ஆனால் பண்ணைக்குப் பண்ணை அதைப் பரப்புவதில் கோழிக்கூண்டு, முட்டை அட்டை, லாரிச் சக்கரம், வேலையாளின் செருப்பு ஆகியவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. வெடி போட்டு விரட்டினால் பறவைகள் பக்கத்து ஏரிகளுக்குச் சிதறும். நோய் இருந்தால் அதுவும் கூடவே போகும்.

அவசரப்பட்டுப் பறவைகள்மேல் பழி சுமத்தக்கூடாது என்பதைக் கர்நாடகம் முன்பே கண்டிருக்கிறது. 1957-இல் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்தன. மனிதர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். கண்டறிந்த வைரஸ் ரஷ்யாவின் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவாக இருந்ததால், வலசைப் பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்ற ஐயம் பிறந்தது. பறவையியலாளர் சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம், உலக சுகாதார நிறுவன உதவியுடன் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்தது. பறவைகள் கொண்டுவந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. நோயைப் பரப்பியது உள்ளூர்க் காட்டு உண்ணி. காடு வெட்டப்பட்டு, மாடும் மனிதரும் உள்ளே போகப்போக ஆபத்து பெருகியது.

ஆகவே நாங்கள் கோருவது:

1. ஏரிகளில் பறவைகள் கூட்டமாகச் செத்தால் கால்நடைத் துறை உடனே மாதிரி எடுத்துப் போபால் உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். செத்த பறவையை யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது.

2. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை கறிக்கடைகளின் கழிவை நகரசபை தினமும் அள்ள வேண்டும். அது ஏரிக்கோ கால்வாய்க்கோ போகக்கூடாது.

3. ஏரியில் மேயும் வளர்ப்பு வாத்துகளையும் வீட்டுக் கோழிகளையும் ஒரே கொட்டிலில் அடைக்கக்கூடாது. பண்ணைக்குள் நுழையும் வண்டிகளுக்குக் கிருமிநாசினி தெளிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

4. அழிக்கப்படும் கோழிக்கு இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். பணம் வராது என்று பயந்தால் நாலு கோழி வளர்ப்பவர் நோயை மறைப்பார். அந்த மறைப்பு ஊருக்கே கேடு.

5. எச்சரிக்கை அறிவிப்புகள் கன்னடத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் வர வேண்டும். தங்கவயலில் வீட்டுக் கோழி வளர்ப்பவர் தமக்குப் புரிகிற மொழியில் படித்தால்தான், செத்த கோழியைக் குப்பையில் வீசாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்வார்.