பிராவோ என்றால் வீரன் இல்லை

திருகோணமலை துறைமுகப் பக்கம் இத்தாலி போக ஆயத்தமாகிற பெடியள், பெட்டையள் இத்தாலிய மொழியை இங்கிலீஷ் வழியாகப் படிக்கினம். இதை நாங்கள் எதிர்க்கிறோம்.

'பிராவோ' என்ற ஒரு சொல்லையே எடுங்கோ. இங்கிலீஷில் அது வெறும் 'சபாஷ்'. இத்தாலியில் அது பெயரடை, ஆளுக்கேற்ப மாறும்: ஆணுக்குப் பிராவோ, பெண்ணுக்குப் பிராவா, பலருக்குப் பிராவி, பெண்கள் மட்டும் என்றால் பிராவே. இந்தக் கடைசிச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தாக நினைத்து 'பிரேவ்' என்று வாசித்தால் கெட்டிக்காரிகள் வீராங்கனைகள் ஆகிவிடுவினம்!

தமிழில் கெட்டிக்காரன், கெட்டிக்காரி, கெட்டிக்காரர் என்று நாங்களும் மாற்றித்தானே சொல்லுறம்? சாப்பாடு நல்லது, அது 'புவோனோ'. சமைத்தவ கெட்டிக்காரி, அவ 'பிராவா'. சாப்பாட்டைக் கெட்டிக்காரச் சாப்பாடு என்று ஆரும் சொல்லுறதில்லை. இவ்வளவுதான் இலக்கணம்.

பலெர்மோவில் 1980களில் இருந்து எங்கட சனம் வீட்டுவேலை செய்து வாழுது. சின்னப்பிள்ளைக்குப் 'பிராவா' என்றால் 'சொல்வழி கேக்கிற பிள்ளை' என்றும் அர்த்தம். வேலை செய்கிற பெண்ணைப் பார்த்து வீட்டுக்காரி அதைச் சொன்னால், மெச்சுறது கைத்திறனையா, அடக்கத்தையா? பிரித்தறியத் தெரியாமல் தலையாட்டச் சொல்லிக் கொடுப்பது பாடமா?

முதல் பாடத்தைத் தமிழில் எழுதுங்கோ.