தட்டிக் கேட்பதும் தோழமையே

நான்கு சக்கர இயக்க வாகனம் வைத்திருப்போர் விடுமுறை நாள்களில் அணி அணியாகக் காட்டுப் பாதைகளுக்குச் செல்வது, மலேசியாவில் பலர் விரும்பும் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. இயந்திரத்தின் ஆற்றல் நான்கு சக்கரங்களுக்கும் செல்வதால், சாதாரண கார் சிக்கிக்கொள்ளும் சேற்றையும் செங்குத்தான மேட்டையும் இவ்வாகனங்கள் கடந்துவிடும். ஜோகூர் மாநிலத்தில் இத்தகைய பயணத்திற்குப் பெயர்பெற்ற இடம் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவாகும். கஹாங் சிற்றூரிலிருந்து பூங்காவின் நுழைவாயிலான கம்போங் பெத்தா வரை ஏறக்குறைய 56 கிலோமீட்டர் தூரம். செம்பனைத் தோட்டங்களையும் காட்டையும் ஊடறுத்துச் செல்லும் பாதை அது. இத்தகைய பாதைகளில் செல்வோரிடையே நிலவும் தோழமை போற்றத்தக்கது. எனினும், அத்தோழமை தம் குழுவினருக்கு உதவுவதோடு நின்றுவிடக் கூடாது. குழுவினர் தவறு செய்யும்போது தட்டிக் கேட்கவும் வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் அத்தோழமையின் சிறப்பைப் பார்ப்போம். காட்டுக்குள் பல இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது; பழுதுபார்க்கும் பட்டறையும் கிடையாது. எனவே, அனுபவமுள்ளோர் தனி வாகனத்தில் செல்வதில்லை. பாதை அறிந்தவர் முன்னே செல்வார். பழுது நீக்கத் தெரிந்தவர் கடைசியில் வருவார். நடுவில் செல்லும் ஒவ்வோர் ஓட்டுநருக்கும் ஓர் எளிய கடமை உண்டு. பின்னால் வரும் வாகனம் கண்ணாடியில் தெரிகிறதா என்று அவர் அடிக்கடி பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் நிற்க வேண்டும். அவர் நின்றால், அவருக்கு முன்னால் செல்பவரும் நிற்பார். இப்படி ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் ஒருவரை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும். இருபது வாகனங்கள் சென்றாலும் எவரும் காட்டில் தனித்து விடப்பட மாட்டார்.

காட்டுப் பாதையின் மற்ற நெறிகளுக்கும் தக்க காரணங்கள் உள்ளன. மேட்டில் இரு வாகனங்கள் எதிரெதிரே வந்தால், இறங்குபவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஏறுபவர் வேகத்தை இழந்துவிட்டால் மீண்டும் ஏறுவது கடினம். பின்னோக்கி இறங்குவதோ ஆபத்தானது. ஆற்றைக் கடக்கும் முன் ஒருவர் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். கால் ஊன்றி நடக்க முடியாத நீரோட்டத்தில் வாகனத்தையும் இறக்கக் கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் பழமொழி இங்கு அப்படியே பொருந்தும். சேற்றில் புதைந்த வாகனத்தை வின்ச் எனப்படும் இழுவைக் கருவியால் இழுக்கும்போது, கம்பிவடத்தின் அருகில் யாரும் நிற்கக் கூடாது. இறுகிய வடம் அறுந்தால், சாட்டைபோல் சுழன்று வந்து உயிரையே பறித்துவிடும். அதனால்தான் வடத்தின்மீது கனமான போர்வை ஒன்றைப் போட்டு, எல்லாரையும் தூரமாக நிற்கச் சொல்கிறார்கள்.

இந்நெறிகளைப் பெரும்பாலான குழுக்கள் நன்றாகவே கடைப்பிடிக்கின்றன. ஏனெனில், இவை பயணம் செய்பவரையே காப்பாற்றுகின்றன. ஆனால், அப்பாதை பயணிகளுக்கு மட்டும் உரியதன்று. கம்போங் பெத்தா, ஜக்குன் இனப் பூர்வகுடி மக்கள் வாழும் கிராமம். எண்டாவ் ஆற்றங்கரையில் அமைந்துள்ள அவ்வூர் மக்கள் பொருள் வாங்கவும் மருத்துவமனைக்குச் செல்லவும் அதே பாதையைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஜோகூர்ப் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 49,000 ஹெக்டேர் பரப்புள்ள அப்பூங்காவில் யானை, தப்பீர் முதலிய விலங்குகள் வாழ்கின்றன. மலாயாப் புலிக்கும் அது வாழிடமாகும். நம் நாட்டுக் காடுகளில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இவர்களுக்கும் இவ்வுயிர்களுக்கும் ஏற்படும் கேடு, பெரும்பாலும் சிறு செயலிலிருந்தே தொடங்குகிறது. பாதையின் நடுவே ஒரு சேற்றுக்குழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாகனத்தில் சேறு படாமலிருக்க ஒருவர் குழியைச் சுற்றிச் செல்கிறார். அடுத்தவரும் அவ்வாறே செல்கிறார். விரைவில் அந்த ஓரமும் சேறாகிறது. அதன்பின் வருபவர் இன்னும் தள்ளிச் செல்கிறார். இவ்வாறு ஒரு வாகனம் செல்லக்கூடிய பாதை, செடிகொடிகளை அழித்துக்கொண்டு அகன்றுகொண்டே போகிறது. வேறு சிலர் வேண்டுமென்றே சக்கரங்களை வேகமாகச் சுழற்றிச் சேற்றை வாரி இறைக்கின்றனர். அது காணொளிக்கு அழகாக இருக்கலாம். ஆனால், அப்போது உண்டாகும் ஆழமான தடங்கள் அடுத்த மழையில் சிறு கால்வாய்களாக மாறுகின்றன. அவற்றின் வழியாக மண் கரைந்து ஆற்றில் கலக்கிறது. குழு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீடு திரும்பிவிடும். மறுநாள் நோயாளி ஒருவரை அதே பாதையில் அழைத்துச் செல்ல வேண்டியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மரங்களின் நிலையும் இதுதான். இழுவைக் கம்பிவடத்தை நேரடியாக மரத்தில் சுற்றினால், அது பட்டையை அறுத்துவிடும். இலைகள் தயாரிக்கும் உணவை வேர்களுக்குக் கொண்டுசெல்லும் திசு, பட்டையின் அடியில்தான் இருக்கிறது. சுற்றிலும் பட்டை அறுபட்ட மரம் நாளடைவில் பட்டுப்போகும். அகலமான துணிப்பட்டை ஒன்றை முதலில் மரத்தில் சுற்றி, அதனோடு வடத்தை இணைத்தால் இக்கேட்டைத் தவிர்க்கலாம். அதற்கு ஐந்து நிமிடங்கள்கூட ஆகாது.

இவை பலருக்கும் தெரிந்த செய்திகளே. பிறகு ஏன் தவறுகள் தொடர்கின்றன? தவறு செய்பவரை அவருடைய நண்பர்கள் தடுப்பதில்லை என்பதே முக்கியக் காரணம். சற்று முன்புதான் தம் வாகனத்தைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டவரை எப்படிக் கண்டிப்பது என்று ஒருவர் தயங்குகிறார். வயதில் மூத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று இன்னொருவர் ஒதுங்குகிறார். அடுத்த பயணத்திற்குத் தம்மை அழைக்காமல் விட்டுவிடுவார்களோ என்று மற்றொருவர் அஞ்சுகிறார். ஆக, எந்தத் தோழமை அவர்களைக் காட்டில் காப்பாற்றியதோ, அதே தோழமை அவர்களின் வாயையும் கட்டிவிடுகிறது. செய்ந்நன்றி மறவாமை உயர்ந்த பண்புதான். ஆனால், உதவியவரின் தவற்றைக் கண்டும் காணாமல் இருப்பது நன்றியாகாது. திருவள்ளுவரும் ‘நட்பு’ என்னும் அதிகாரத்தில், நெறி தவறும் நண்பனைக் கண்டித்துத் திருத்துவதை நட்பின் கடமையாகவே காட்டுகிறார்.

காட்டுக்குள் பொழுதுபோக்கு வாகனங்களையே அனுமதிக்கக் கூடாது என்று சிலர் வாதிடுகின்றனர். அவர்களின் கவலை நியாயமானது. மழைக்காலத்தில் மண் நெகிழ்ந்திருக்கும் பாதைகளை மூடிவைப்பது மிகவும் தேவை. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலத்தில் எண்டாவ் ரொம்பின் பூங்கா வழக்கமாக மூடப்படுவதும் நல்ல ஏற்பாடே. எனினும், முழுத் தடை விதித்தால் பொறுப்போடு செல்பவர்களும் காட்டை அறியும் வாய்ப்பை இழப்பார்கள். காட்டை நேரில் கண்டவருக்கே அதைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் ஆழமாகப் பதியும்.

சட்டம் இருக்கும்போது நண்பர்கள் ஏன் கண்டிக்க வேண்டும் என்று கேட்போரும் உண்டு. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம், வனக் காப்பகங்களுக்குள் நுழைவதற்கு அனுமதி முறையை வகுத்துள்ளது. அதை அனைவரும் மதிக்க வேண்டும். ஆனால், வனத்துறை அதிகாரி நுழைவாயிலில் நிற்க முடியுமே தவிர, ஒவ்வொரு வளைவிலும் நிற்க முடியாது. காட்டின் நடுவே தவறு நடக்கும்போது அருகில் இருப்பவர் நண்பர் மட்டுமே.

அப்படியானால் எவ்வாறு தட்டிக் கேட்பது? பலர் முன்னிலையில் அவமானப்படுத்தினால் சினம்தான் மிஞ்சும். புறப்படும் முன்பே குழுத்தலைவர் நெறிகளை எடுத்துரைத்து, அனைவரின் சம்மதத்தையும் பெற்றுவிட வேண்டும். பாதையை விட்டு விலகக் கூடாது, கிராமத்தில் மெதுவாகச் செல்ல வேண்டும், கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று முன்னரே பேசி வைத்தால், பின்னர் நினைவூட்டுவது எளிது. “அண்ணே, நாம் காலையில் பேசியதை மறந்துவிட்டீர்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு வனத்துறை தொடங்கிய ‘மெல்ல நட’ என்னும் பொருள்படும் ‘டிரெட் லைட்லி’ இயக்கமும், அறிவுறுத்தலின் வழியாகவே வாகன ஓட்டுநர்களிடம் பொறுப்புணர்வை வளர்க்க முயல்கிறது.

தம் குழுவைத் தாண்டி அக்கறை காட்டும் ஆற்றல் இவ்வாகன உரிமையாளர்களிடம் இல்லாமல் இல்லை. 2014ஆம் ஆண்டு இறுதியில் கிளந்தானிலும், 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரிலும் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, நான்கு சக்கர இயக்க வாகனங்களோடு பல தன்னார்வலர்கள் உதவிக்கு விரைந்தனர். முன்பின் அறியாத மக்களுக்கு உணவும் குடிநீரும் கொண்டுசென்றனர். வெள்ளத்தின்போது அறிமுகமில்லாதவருக்காகச் சேற்றில் இறங்க முடிந்தவர்களால், அறிமுகமில்லாத கிராமத்தவருக்காக ஒரு பாதையைச் சிதைக்காமல் இருக்கவும் முடியும்.

மாணவர்களாகிய உங்களில் பலர் இன்னும் வாகனம் ஓட்டும் வயதை எட்டவில்லை. ஆயினும், நீங்களும் ஏதேனும் ஒரு குழுவில் இருக்கிறீர்கள். காற்பந்துக் குழுவிலோ சாரணர் இயக்கத்திலோ வகுப்பறையிலோ நண்பர் ஒருவர் எல்லை மீறும்போது என்ன செய்கிறீர்கள் என்பதே உங்கள் தோழமையை அளக்கும் அளவுகோல். சேற்றில் சிக்கிய நண்பனை இழுத்துவிடக் கயிறு வேண்டும். தவற்றில் சிக்கிய நண்பனை மீட்கத் துணிவு வேண்டும். இரண்டையும் கையில் வைத்திருப்பவனே நல்ல தோழன்.