குழந்தைக்கு நிறம் கிடையாதாம்! – ஜான் ஸ்டெப்டோவை முன்வைத்து

'குழந்தைகளுக்குச் சாதி தெரியாது, நிறம் தெரியாது. அவர்கள் புத்தகத்தில் இதையெல்லாம் திணிக்காதீர்கள்.' முற்போக்கு மேடைகளில் இந்த வசனத்தை நான் பலதடவை கேட்டாச்சு. சொல்கிறவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாமல் வளர்வதும் பரம்பரைச் சொத்துதான். மிதிபடுகிற பிள்ளைக்கு நாலு வயசிலேயே எல்லாம் தெரிஞ்சு போகுது. இந்த 'மாசற்ற குழந்தை' என்கிற கட்டுக்கதையை உடைக்க ஜான் ஸ்டெப்டோ என்கிற ஒரு ஆள் போதும் என்கிறேன்.

ஸ்டெப்டோ அமெரிக்கக் கறுப்பர். 1950ல் பிறந்தவர். நியூயார்க்கின் புரூக்ளினில், பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் என்கிற கறுப்பர் பகுதியில் வளர்ந்தவர். 1989ல் எய்ட்ஸ் நோயில் செத்தபோது வயசு 38. இருபது வருஷத்தில் குழந்தைகளுக்கான 16 படப் புத்தகங்களுக்கு ஓவியம் வரைந்தார். அதில் பத்துக்கு எழுத்தும் அவருடையதே.

அவர் உள்ளே வந்தபோது அந்த உலகம் எப்படி இருந்தது? 1965ல் நான்சி லாரிக் என்கிற வெள்ளைக்காரக் கல்வியாளர் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் கணக்கு எடுத்துப் போட்டார். 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தை நூல்கள். அவற்றில் எழுத்திலோ படத்திலோ ஒரு கறுப்பராவது தலைகாட்டியவை 6.7 சதவீதம். நிறமே தெரியாத குழந்தைகளின் உலகத்தில் வெள்ளை மட்டும் எப்படிங்க இவ்வளவு நிரம்பியது? வெள்ளைக்குப் பெயர் வெள்ளை இல்லை, 'பொது'. பொதுவுக்கு நிறம் கிடையாது என்பதுதான் ஆதிக்கத்தின் பழைய தந்திரம்.

எஸ்ரா ஜாக் கீட்ஸ் இருந்தாரே என்பார்கள். இருந்தார். பனியில் விளையாடும் கறுப்புப் பையனை வரைந்து 1963ல் கால்டெகாட் பதக்கம் வாங்கினார். ஏழை யூதக் குடியேறிகளின் மகன், அவரும் புரூக்ளின்காரர்தான். அவர் மனசை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன் கதை முழுக்கப் பார்க்கப்படுகிறான். தன் கதையைத் தானே சொல்கிற வாய் அவனுக்கு இல்லை.

அந்த வாயோடு வந்த புத்தகம் 'ஸ்டீவி'. பதினாறு வயதில் ஸ்டெப்டோ எழுதத் தொடங்கியது, 1969ல் ஹார்ப்பர் அண்ட் ரோ வெளியிட்டது. 'லைஃப்' பத்திரிகை முழுக்கதையையும் படங்களோடு போட்டபோது அவருக்குப் பத்தொன்பதுகூட நிறையவில்லை. கதை ரொம்பச் சின்னது. வாரம் முழுக்க வேலைக்குப் போகிற ஒரு தாய், தன் சின்னப் பையனை ராபர்ட் வீட்டில் விட்டுப்போகிறாள். வந்தவன் ராபர்ட்டின் பொம்மைகளை உடைக்கிறான், படுக்கையில் அழுக்குக் காலோடு ஏறுகிறான். ராபர்ட்டுக்கு எரிச்சல். ஸ்டீவியின் குடும்பம் ஒருநாள் ஊரைவிட்டே போனபிறகுதான், 'அவன் எனக்குத் தம்பி மாதிரி இருந்தானே' என்று உறைக்கிறது. கோஷம் இல்லை, நீதிபோதனை இல்லை. வேலைக்குப் போகிற தாயும், அடுத்த வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து வளர்க்கிற இன்னொரு தாயும்தான் அரசியல். தடித்த கறுப்புக் கோடு, கண்ணில் அறைகிற வண்ணம்.

எல்லாவற்றுக்கும் மேலே மொழி. ராபர்ட் வீட்டில் பேசுகிறபடியே கதை சொல்கிறான். பள்ளிக்கூடம் 'கொச்சை' என்று சிவப்பு மையால் சுழிக்கிற கறுப்பர் ஆங்கிலம். ஸ்டெப்டோ அப்போதே தெளிவாகச் சொன்னார்: இது வெள்ளைப் பிள்ளைகளை நோக்கி எழுதியதல்ல, கறுப்புப் பிள்ளை தன் மொழியை மாற்றிக்கொள்ளாமல் நேராகப் படிக்கிற புத்தகமாக இருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள் தோழர்களே. நம்ம பிள்ளை வகுப்பில் வாய் திறக்கும் முன் மனசுக்குள் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கிறது. அது நடந்து முடியறதுக்குள்ள பக்கத்துப் பையன் பதில் சொல்லிப்போடுறான். அவனுக்குப் பெயர் 'கெட்டிக்காரன்'.

அப்புறம் நடந்ததுதான் பாடம். 1965ல் வந்த கல்விச் சட்டம் பள்ளி நூலகங்களுக்கு மத்திய அரசின் பணத்தைக் கொட்டியது. பதிப்பகங்களுக்குத் திடீரென்று கறுப்புப் பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள். எழுபதுகளில் பணம் சுருங்கியது, கண்ணும் மங்கியது. 1985ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழந்தை நூல் மையம் கணக்குப் பார்த்தபோது, அந்த வருஷம் வந்த சுமார் 2,500 நூல்களில் கறுப்பர் எழுதியதோ வரைந்ததோ 18. லாரிக் எழுதி இருபது வருஷம் கழித்து! திறந்தது மனசாட்சி அல்ல, கல்லாப்பெட்டி.

கால்டெகாட் குழு ஸ்டெப்டோவைப் பார்த்தது 1985லும் 1988லும். இரண்டும் பதக்கம் அல்ல, அதற்கு அடுத்த மரியாதை. ஒன்று எலிக்கதைக்கு, மற்றது 'முஃபாரோவின் அழகிய மகள்கள்' என்கிற ஆப்பிரிக்கக் கதைக்கு. தெருப்பிள்ளை ராபர்ட்டுக்கு இல்லை. உடனே, 'கோபத்திலிருந்து கலைக்கு முதிர்ந்தார்' என்று ஒரு வரலாறு எழுதுவார்கள். பொய். 'முஃபாரோ' படங்களுக்கு அடித்தளம் மகா ஜிம்பாப்வேயின் கல் இடிபாடுகள். அதைக் கறுப்பர் கட்டியிருக்கவே முடியாது, பினீசியர் கட்டினார்கள், ஷேபா ராணி கட்டினாள் என்று வெள்ளைக் குடியேறிகள் கதை பரப்பினார்கள். ரொடீசிய ஆட்சியும் அதற்கு முட்டுக்கொடுத்தது. அந்த நகரத்தைக் கறுப்பர்களின் கைவேலையாக, கறுப்பர்கள் நடமாடும் இடமாகப் பிள்ளைகள் முன் விரித்துவைத்தார் ஸ்டெப்டோ. முதிர்ச்சி இல்லை அய்யா, அதே சண்டை.

கதையோடு எனக்குச் சண்டை உண்டு. பணிவான மகள் ராணியாகிறாள், பொறாமைக்கார மகள் அவளுக்கே வேலைக்காரி ஆகிறாள். ராஜாவும் வேலைக்காரியும் உள்ள அரண்மனை நமக்கு எதற்கு? படத்தில் இருக்கிற கலகம் கதையில் இல்லை. நம்மவர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

1938ல் தொடங்கிய அந்தப் பதக்கத்தைத் தனியாக வாங்கிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஜெரி பிங்க்னி, 2010ல். ஸ்டெப்டோவின் மகன் ஜவாகா 2017ல் வாங்கினார். அப்பனுக்கு எட்டாதது மகனுக்குக் கிடைத்தது என்று கைதட்டலாம். எழுபத்தி ரெண்டு வருஷம் என்ன செஞ்சீங்கன்னும் கேக்கலாம். நான் ரெண்டாவது கட்சி.

நாம் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்தோம். 1972ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பிறந்தார்கள். கறுப்புக் கவிதையை எடுத்தோம், தன்வரலாற்றைப் படித்தோம். படப் புத்தகத்தை மட்டும் 'சின்னப் பசங்க சமாச்சாரம்' என்று விட்டுவிட்டோம். 1992ல் 'கருக்கு' நம்ம பேச்சை அச்சில் ஏற்றியது, பெரியவர்களுக்கு. ஆறு வயசுப் பிள்ளைக்கு எது? இரவுப் பள்ளி நடத்தும் தோழர்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளைகள் பேசுகிறபடியே எழுதி வாங்குங்கள், அவர்கள் வரைந்த முகங்களையே போடுங்கள். கல்லச்சோ ஜெராக்ஸோ, பதினாறு பக்கம் போதும். திருத்துகிறேன் என்று சிவப்பு மையோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.