கலாசாலையில் ஒரு புது வருணாசிரமம்

நமது செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு இராஜகிரியையும், களஞ்சியத்தையும், கல்யாண மகாலையும் காட்டுகிறவர்கள், ஒரு பாறைத் துவாரத்தையும் காட்டி அதைக் கைதிகளின் கிணறு என்று சொல்லுவதுண்டு. மரண தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளிப் பசியாலும் தாகத்தாலும் சாகவிட்டு விடுவார்கள் என்பது கர்ண பரம்பரையான பேச்சு. கேட்கிறவர்கள் "அந்தக் காலத்து ராஜாக்கள் எவ்வளவு கொடியவர்கள்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் நமது பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிற காலேஜ் விடுதிகளில், இராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைச் சாத்திக் கொண்டு நடக்கும் கொடுமைக்கு மாத்திரம் நாம் பெருமூச்சு விடுவதில்லை. அதற்கு "ராகிங்" என்று ஒரு பேர் வைத்து, அது வாலிபர் விளையாட்டு என்று சிரித்து விடுகிறோம். இலங்கைத் தமிழர்கள் இதற்குப் பகடிவதை என்று பேர் வைத்திருக்கிறார்கள். பகடி செய்கிறவனுக்கு, வதை படுகிறவனுக்கு என்று அந்த ஒரு சொல்லே விஷயத்தைச் சொல்லி விடுகின்றது.

இந்த ராகிங் என்பது என்ன? முதல் வருஷத்தில் சேர்ந்தவன் மேல் வருஷத்தானைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும். தலை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. அவன் துணியைத் துவைக்க வேண்டும். அவன் பாடத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆடச் சொன்னால் ஆட வேண்டும். ஆடையைக் களையச் சொன்னால் களைய வேண்டும். தோழர்களே! இந்தச் சட்டத்தை நாம் எங்கேயோ கேட்டது போல் இல்லையா? நமது கிராமங்களில் தோளில் துண்டு போடாதே, காலில் செருப்பு போடாதே, எதிரில் வராதே என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான்கு வருணத்தைப் போல் நான்கு வருஷம். கடைசி வருஷத்தான் பிராமணன்; முதல் வருஷத்தான் சூத்திரன். இவ்வளவுதான் சங்கதி.

வித்தியாசம் ஒன்றே ஒன்று உண்டு. பழைய வருணாசிரமத்தில் சூத்திரன் சாகும் வரை சூத்திரன்தான். இந்தப் புது வருணாசிரமத்திலோ ஒவ்வொரு சூத்திரனும் மூன்று வருஷம் பொறுத்தால் பிராமணனாகி விடலாம். ஆகவேதான் இதை ஒழிக்க வேண்டும் என்று உள்ளே இருக்கிற ஒருவனுக்கும் தோன்றுவதில்லை. தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கவே தோன்றுகின்றது. அடிபட்டவன் அடிக்கிறவன் ஆவதற்கு ஒரு வருஷம் போதும் என்றால், அந்த ஏற்பாடு எப்படித் தானாக ஒழியும்?

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களையும் பார்ப்போம். "நாங்களும் பட்டோம், அவர்களும் படட்டும்" என்பது முதலாவது. தனக்கு அம்மை வந்து தழும்பு விழுந்ததால் ஊரில் எல்லாருக்கும் அம்மை வர வேண்டும் என்று ஒருவன் சொன்னால் அவனைப் புத்திசாலி என்போமா? "இதனால் கூச்சம் போய்த் தைரியம் வரும்" என்பது இரண்டாவது. அப்படியானால் தைரியம் வந்த பையன் முதல் காரியமாக "செய்ய மாட்டேன்" என்று சொன்னவுடன் இவர்களுக்கு ஏன் கோபம் வர வேண்டும்? "இதனால் ஒற்றுமை வளரும், பந்தாட்டக் கோஷ்டியில் ஒரு கட்டுப்பாடு உண்டாகும்" என்பது மூன்றாவது. கூடி ஓடியும் கூடி ஆடியும் கூடித் தோற்றும் வராத ஒற்றுமை, புதிதாய் வந்தவனை முட்டி போட வைப்பதால் வந்து விடுமா? பயத்தினால் வருவது ஒற்றுமையல்ல. அது மந்தைக் குணமேயாகும்.

"இது தொன்று தொட்டு வரும் வழக்கம்" என்பது கடைசிச் சமாதானம். வாஸ்தவம். கி.பி. 533-லேயே கிழக்கு ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஜஸ்டீனியன், கான்ஸ்டாண்டிநோபிளிலும் பெய்ரூத்திலும் சட்டம் படிக்கப் புதிதாக வரும் மாணவர்கள் மீது மற்ற மாணவர்கள் விளையாட்டு என்ற பேரால் தீங்கு செய்யக் கூடாது என்று கட்டளையிட்டு, அதைத் தடுக்கும் பொறுப்பை அதிகாரிகள் மீதும் ஆசிரியர்கள் மீதும் வைத்திருக்கிறார். வழக்கம் பழையதானால் அதற்குத் தடையும் பழையது. பழமையைக் கொண்டாடுகிறவர்கள் இரண்டில் ஒன்றை மாத்திரம் கொண்டாடுவானேன்?

நிற்க, இது வெறும் விளையாட்டல்ல என்பதற்குச் செஞ்சிக்காரர்கள் வெகு தூரம் போக வேண்டியதில்லை. 1996-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் படித்துக் கொண்டிருந்த நாவரசு என்ற வாலிபர் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். ராகிங்குக்குப் பணிய மறுத்ததே இதற்குக் காரணம் என்பதுதான் வழக்கு. 1998-ல் கடலூர் செஷன்ஸ் கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது. 2001-ல் சென்னை ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலையை ரத்து செய்து ஆயுள் தண்டனையை உறுதிப்படுத்தியது. இறந்து போனவர் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்தவருடைய மகன். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதியானால், செஞ்சி விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டையைப் போட்டு அந்தப் பணத்தில் பிள்ளைக்குச் சம்பளம் கட்டுகிற குடியானவன் வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கோட்டை காவல்?

கத்தி எடுத்தால்தான் கொலை என்பதில்லை. 1997-ம் வருஷம் இலங்கை பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர், மூத்த மாணவர்கள் கட்டாயப்படுத்திச் செய்வித்த கடுமையான தேகப் பயிற்சியினால் சிறுநீரகம் கெட்டு இறந்தார். பழக்கமில்லாதவனை நூற்றுக் கணக்கில் உட்கார்ந்து எழச் செய்தால் தசை சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்து விடும். மறு நாள் கால் வீங்கி, சிறுநீர் டீத் தண்ணீர் நிறத்தில் போனால் அது அபாய அறிகுறி. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். தோப்புக்கரணத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் இதைத் தெரிந்து கொள்ளட்டும்.

நாவரசு கொலைக்குப் பிறகு நம் நாட்டில் சட்டம் வராமலில்லை. 1997-ம் வருஷத்துத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இருக்கின்றது. ஒரு மாணவன் சாதாரணமாக மனமொப்பிச் செய்யாத காரியத்தைச் செய்யச் சொல்லுவதே அச்சட்டப்படி குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை; பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம்; தண்டனை பெற்றவன் காலேஜை விட்டு நீக்கப்படுவான், வேறு காலேஜிலும் சேர முடியாது. புகார் வந்தும் சும்மா இருக்கும் காலேஜ்த் தலைவரையும் உடந்தை என்றே அந்தச் சட்டம் சொல்லுகின்றது. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளும் வந்தன. காலேஜ் தோறும் ராகிங் தடுப்புக் கமிட்டி, திடீர்ச் சோதனைக் குழு, மாணவரும் பெற்றோரும் எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம் எல்லாம் ஏற்பட்டிருக்கின்றன. இவ்வளவும் இருந்தும் 2022-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி விடுதி விஷயமாக ஏழு மூத்த மாணவர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். உயிரைக் காக்கும் வித்தையைப் படிக்கிற இடத்திலேயே இப்படி என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை என்றால், அதை நடத்தும் பாரம் முழுவதும் பதினேழு வயதுப் பையன் தலையில் கிடக்கின்றது. அவனே எதிர்க்க வேண்டும், அவனே புகார் எழுத வேண்டும், எழுதிவிட்டு அதே விடுதியில் அதே ஆட்களுக்கு மத்தியில் அவனே தூங்கவும் வேண்டும். "தன்மானத்தோடு இரு" என்று அவனுக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் வீட்டில் இருப்பது மகா மோசமாகும். தன்மானத்தோடு மறுத்தவருக்குச் சிதம்பரத்தில் என்ன நேர்ந்தது என்று பார்த்தோம். ஆகவே பாரத்தை இறக்கி, அது இருக்க வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும்.

முதலாவது பெற்றோர்கள். பிள்ளை டெலிபோனில் "இங்கே இருக்கப் பிடிக்கவில்லை" என்று சொன்னால், "எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும், பொறுத்துக் கொள்" என்று சொல்லாதீர்கள். என்ன நடந்தது, எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வைத்துக் கொண்டு காலேஜ்த் தலைவருக்குப் பெற்றோரே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 1800-180-5522 என்ற இலவச டெலிபோன் இதற்கென்றே ஏற்பட்டது. நீங்கள் கையெழுத்துப் போட்ட உறுதிப் பத்திரம் உங்கள் பிள்ளைக்குக் காவல் மாத்திரமல்ல, உங்கள் பிள்ளையே குற்றம் செய்தால் அவனைக் கட்டுவதும் அதுதான்.

இரண்டாவது காலேஜ்காரர்களும் விடுதிக் காப்பாளர்களும். பெரிய போர்டில் "ராகிங் குற்றம்" என்று எழுதி வாசலில் மாட்டுவதோடு தங்கள் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். போர்டு இராத்திரியில் மாடி ஏறிப் போய்ப் பார்க்குமா? காப்பாளர் போக வேண்டும். புதியவர்களுக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். விளையாட்டுக் கோஷ்டியில் புதியவனைத் தண்டிக்கும் வழக்கம் உண்டா என்று பயிற்சியாளர் அறிய வேண்டும். புகார் சொன்னவனுக்குப் பிறகு என்ன நேருகிறது என்று மாதக் கணக்கில் கவனிக்க வேண்டும்.

கடைசியாகவும் முக்கியமாகவும் நமது இயக்க வாலிபர்களைக் கேட்கிறோம். சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குள் பார்ப்பனப் பந்தி வேறு, மற்றவர் பந்தி வேறு என்று வைத்ததைத் தமிழ்நாடு எதிர்த்துப் போராடி நூறு வருஷமாகிறது. சாப்பாட்டுப் பந்தியில் மேல் கீழ் கூடாது என்று அன்று கிளம்பியவர்களின் வழியில் வந்தவர்கள், விடுதி மாடிப்படியில் மேல் கீழ் பார்க்கலாமா? மேடையில் யார் காலிலும் விழ மாட்டோம் என்று பேசிவிட்டு, காலேஜில் தம்பிகளைத் தன் காலில் விழச் சொல்லுகிறவன் சுயமரியாதைக்காரன் என்று சொல்லிக் கொள்ள யோக்கியதை உடையவனா? தன் மரியாதையை மாத்திரம் காப்பாற்றுவது சுயமரியாதையல்ல, சுயநலமேயாகும்.

ஆதலால் இரண்டாம் வருஷத்துக்குப் போகும் ஒவ்வொரு தோழரும் ஒரு காரியம் செய்ய வேண்டும். சென்ற வருஷம் தாம் பட்டதை நினைத்து, அதை இந்த வருஷம் வருகிறவனுக்குத் திருப்பிக் கொடுக்க மறுக்க வேண்டும். அதோடு நில்லாமல், புதிதாக வந்த ஒருவனை அழைத்துப் போய்ப் புத்தகசாலை எது, ஆஸ்பத்திரி எது, மலிவான சாப்பாட்டுக் கடை எது என்று காட்டி, "யாராவது தொந்தரவு செய்தால் என்னிடம் வா" என்று சொல்ல வேண்டும். மேலிருந்து கீழே வந்த சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், அதற்குக் கீழே இருக்கிறவர்கள் எல்லாரும் விடுதலையானவர்களே. அந்தக் கண்ணியாக நமது செஞ்சிப் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.