எல்லாத் தலைக்கும் ஒரே சீப்பா?

பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, அல்லது பூவும் அகிற்புகையும் எண்ணெயும் கொடுத்து வந்ததா என்று ஒரு காலத்தில் மதுரையில் பெரிய வழக்கு நடந்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. பாண்டியனுக்கு வந்த சந்தேகம், தருமிக்குக் கிடைத்த பாட்டு, நக்கீரர் பிடித்த பிடிவாதம், சிவபெருமான் திறந்த நெற்றிக்கண் - இக்கதையை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. வழக்கு நடந்தது தெற்கேயுள்ள மதுரையில். நாமோ வடமதுரைவாசி. திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குச் செல்லும் வழியிலுள்ள இச்சிற்றூரில் கோயில் கொண்டிருக்கும் பெருமாளுக்கே சௌந்தரராஜர் என்று திருநாமம். அழகுக்கு அரசராகிய அவருடைய ஊரில் குடியிருந்துகொண்டு கூந்தலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் இருப்பது முறையல்லவே!

நக்கீரருடைய வழக்கில் நாம் தலையிடப் போவதில்லை. நெற்றிக்கண்ணிடம் நமக்குப் பயம் உண்டு. ஆனால் அவ்வழக்கிலுள்ள கேள்வி மட்டும் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தலைமுடியில் பிறப்போடு வந்தது எது? நம் கையால் ஆகக்கூடியது எது? இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் நாம் செய்த ஒரு தவற்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

நமக்கு உபாத்தியாயினித் தொழில். காலைப் பிரார்த்தனையின் போது பெண்கள் வரிசையாக நிற்கையில் நகம், உடை, தலை ஆகிய மூன்றையும் பார்வையிடுவது நமது கடமைகளில் ஒன்று. எண்ணெய் தடவி, நடு வகிடு எடுத்து, இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. சில வருஷங்களுக்கு முன் ஆறாம் வகுப்பில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நல்ல சுருட்டை முடி. எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் நெற்றியோரத்தில் சுருள்கள் கிளம்பிவிடும். உடன் படித்த பெண்கள் அவளுக்குப் 'பரட்டை' என்று பெயர் வைத்தார்கள். அவர்களைக் கண்டித்திருக்க வேண்டிய நாம் செய்தது என்ன? அவளுடைய பாட்டியை வரவழைத்து, "இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்து, நன்றாக இறுக்கிப் பின்னி அனுப்புங்கள், அம்மா" என்று புத்தி சொன்னோம். பாட்டியும் அவ்விதமே செய்தாள்.

மறு வருஷம் அப்பெண்ணின் நெற்றிப் பொட்டுக்கு மேலே இரு பக்கத்திலும் முடி உதிர்ந்து தோல் தெரிய ஆரம்பித்தது. ஓரத்தில் சிறு சிறு கொப்புளங்கள். வைத்தியர் பார்த்துவிட்டு, "நாள்தோறும் வேரைப் பிடித்து இழுத்ததன் பலன் இது. இப்பொழுதே தளர்த்திவிட்டால் மறுபடி முளைக்கும், வருஷக்கணக்கில் இழுத்தால் வேரே பட்டுப்போகும்" என்றாராம். இதை நம்மிடம் தெரிவிக்க வந்த பாட்டி கோபித்துக்கொள்ளவில்லை. "டீச்சரம்மா, நீங்க சொன்னபடிதானே பின்னி அனுப்பிச்சேன்?" என்று மட்டும் கேட்டாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்று நமக்கு இருந்தது.

நிற்க. முடியின் இயல்பைச் சிறிது தெரிந்துகொண்டால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் முடி முழுவதும் உயிரற்ற இழை. உயிர் இருப்பது தோலுக்குள் இருக்கும் வேரில் மாத்திரமே. ஒரு தலையில் ஏறக்குறைய 1,00,000 முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வீதம் 2 முதல் 6 வருஷம் வரை வளர்ந்து, பிறகு சில மாதம் ஓய்ந்திருந்து, உதிர்ந்துவிடும். அதே குழியில் வேறு முடி முளைக்கும். ஆகையால் நாள் ஒன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயற்கை. சீப்பில் நாலு முடியைக் கண்டவுடனே விளம்பரத் தைலத்துக்குப் பணம் அனுப்ப வேண்டியதில்லை.

சுருட்டையா, நேரா, அலையா என்பது வேர் இருக்கும் குழியின் வடிவத்தைப் பொறுத்தது. அது தாய் தந்தையர் கொடுத்த சொத்து. எண்ணெயினாலும் இழுப்பினாலும் அது மாறாது. மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று நம் பக்கத்தில் உறுதியாகச் சொல்வார்கள். பழனியாண்டவனுக்கு முடி காணிக்கை கொடுப்பது பக்தி. அதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் கத்தி படுவது உயிரற்ற இழையின் மேலேதான். வேருக்கு அந்தச் செய்தி எட்டுவதே இல்லை. வெட்டிய முனை மொட்டையாக இருப்பதனால் புதிதாக வரும் முடி தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

இனி நம் கையால் ஆகக்கூடியவற்றைப் பார்ப்போம். முதலாவது தலை முழுகுதல். நம் பக்கத்துக் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் வரும் நீர் பெரும்பாலும் கடின நீர். குளிக்கும் சோப்பையே தலைக்கும் தேய்த்தால், அந்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து பிசின்போல் முடியில் ஒட்டிக்கொள்ளும். முடி சிக்குப் பிடித்து, மங்கித் தோன்றும். சீயக்காய்க்கும் அரப்புக்கும் இந்தத் தோஷம் அவ்வளவாக இல்லை. அவற்றில் நுரைப்பது சோப்பு அல்ல. சபோனின் என்னும் தாவரப் பொருள். அரப்பு என்பது உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த தூள். உசிலம்பட்டிக்குப் பெயர் கொடுத்தது இம்மரமே என்பர்.

வீட்டில் சீயக்காய் அரைப்பவர்கள் ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப் பயறும் நூறு கிராம் வெந்தயமும் சேர்த்து, வெயிலில் நன்றாக உலர்த்தி மில்லில் கொடுக்கலாம். அரைத்து வந்ததைச் சலிக்க மறக்கக்கூடாது. திப்பி முடியில் தங்கினால் அரிப்பெடுக்கும். சோறு வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் முடி வறளாது. கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும் நாளில் ஒரு குடம் மழை நீர் பிடித்து வைத்து, கடைசி இரண்டு செம்பை அதில் ஊற்றிக்கொள்பவர்கள் வித்தியாசத்தை அன்றைக்கே காண்பார்கள்.

ஷாம்பு கூடாதா என்று இளம் பெண்கள் கேட்பார்கள். தாராளமாக உபயோகிக்கலாம். அதைச் சீமைச் சரக்கு என்று ஒதுக்கவும் வேண்டாம். அச்சொல்லே தேய்த்துப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் ஹிந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பாட்னாவில் பிறந்த தீன் மஹம்மது என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஸ்நான கட்டிடம் ஒன்று நடத்தி, வெள்ளைக்காரர்களுக்கு இந்த உபசாரத்தைச் செய்து புகழ் பெற்றார். அதைச் சிறு பொட்டலத்தில் அடைத்து ஏழை வீட்டுக்கும் எட்டும்படி செய்ததில் முன்னோடி, நமது கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். ஆனால் ஒன்று: ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் தேய்க்க வேண்டும். நுரை வழிந்து போகும்போது முடியின் அழுக்கும் போய்விடும். நுனி வரை கசக்கித் துவைக்க முடி வேஷ்டி அல்ல.

அடுத்தது எண்ணெய். சனி, புதன் ஆண்களுக்கு என்றும், செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு என்றும் பெரியோர்கள் வகுத்த எண்ணெய் ஸ்நானம் நல்ல வழக்கமே. தேங்காயெண்ணெய் முடியின் இழைக்குள்ளேயே ஊறக்கூடியது. குளிப்பதற்கு முன் தடவினால், நனைவதாலும் தேய்ப்பதாலும் முடிக்கு ஏற்படும் தேய்மானத்தை அது குறைக்கிறது. எனவே எண்ணெய் முடிக்குக் காப்பு. ஆனால் வேருக்கு உணவு அல்ல. வேருக்கு உணவு தட்டிலேதான் இருக்கிறது. பருப்பும் பயறும் கீரையும் முட்டையும் சேராத உடம்புக்கு எந்தத் தைலமும் துணை செய்யாது.

இப்பொழுது தலைக்கேற்ற முறைகளைச் சொல்கிறோம். நேரான முடி உள்ளவர்களுக்குத் தோலில் சுரக்கும் எண்ணெய் தங்கு தடையின்றி நுனி வரை இறங்கிவிடும். ஆகையால் அவர்கள் தலை சீக்கிரம் பிசுபிசுக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அலசலாம். குளித்த பின் எண்ணெய் வேண்டியதில்லை. முடி மெல்லியதாகவும் இருந்தால், எப்பொழுதும் ஒரே இடத்தில் வகிடு எடுக்காமல் மாற்றி மாற்றி எடுத்தால் தலை நிறைந்து தோன்றும். நுனியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு விரல்கடை கத்தரித்துவிட்டால் பிளவு மேலே ஏறாது.

அலை முடிக்காரர்கள் குளித்தவுடன் துண்டால் அடித்துத் துவட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பழைய பருத்தி வேஷ்டித் துணியில் முடியைப் பொதிந்து, ஈரத்தை ஒற்றி எடுத்தால் அலை அழகாகப் படியும். அடர்ந்த முடி உள்ளவர்கள் அவசரத்தில் ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொள்ளுகிறார்கள். உள்ளே காயாத தலை நாறும், அரிக்கும். பள்ளிக்கோ வேலைக்கோ போகிறவர்கள் முந்தின நாள் மாலையில் தலைக்குக் குளித்துவிடுவது நலம்.

சுருட்டை முடியில் தோலின் எண்ணெய் சுருளைச் சுற்றி இறங்க முடியாமல் மேலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் அது வறண்டு பறக்கிறது, அசிரத்தையினால் அல்ல. வாரம் ஒரு முறை அலசினால் பெரும்பாலும் போதும். அதைக் காய்ந்த நிலையில் சீவவே கூடாது. குளித்த ஈரத்தில் இரண்டு சொட்டு எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு, முதலில் விரலால் சிக்கெடுத்து, பிறகு அகன்ற பல் சீப்பினால் நுனியிலிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே வர வேண்டும். நேர் முடிக்கோ இதற்கு மாறாக, ஈரத்தில் சீவாமல் சற்று உலரவிட்டுச் சீவுவது நல்லது. நனைந்த இழை எளிதில் அறும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் இருந்து, ஒருத்திக்கு நேர் முடியும் மற்றவளுக்குச் சுருட்டையும் இருந்தால், சீப்பும் இரண்டு வேண்டும். முறையும் இரண்டு வேண்டும்.

பின்னல் எதுவாயினும் ஒரு பரீக்ஷை உண்டு. பின்னி முடித்த பின் புருவத்தை உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். நெற்றித் தோல் இழுத்தாலோ, தலை வலித்தாலோ, அது இறுக்கம். ரப்பர் வளையத்தை நேரே முடியில் மாட்டாமல் துணி சுற்றியதை மாட்டலாம். இரவில் சடையைத் தளர்த்தி ஒற்றைப் பின்னலாக விடலாம். பூவும் அப்படியே. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகையும் சேர்ந்த மதுரை மல்லிக்கு 2013-ஆம் வருஷம் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதைச் சூடாமல் இருக்க நம் பெண்களால் முடியாது. விசேஷ நாளில் முழக்கணக்கில் சூடினாலும், பாரம் முழுவதையும் ஒரே கொத்து முடியில் தொங்கவிடாமல் பரவலாகச் செருகி, படுக்கப் போகுமுன் எடுத்துவிடுங்கள்.

பொடுகுக்கு எண்ணெய் மருந்து என்று பலர் எண்ணுகிறார்கள். தோலின் எண்ணெயை உண்டு பெருகும் நுண்ணிய பூஞ்சை ஒன்று அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. எண்ணெயை ஊறவிடுவது அதற்கு விருந்து வைப்பது போலாகும். அடிக்கடி அலசுவதும், வைத்தியர் சொல்லும் மருந்து ஷாம்புவுமே வழி. பேனுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதை அடியோடு விட்டுவிடுங்கள். அடுப்பங்கரையில் அது உயிருக்கே ஆபத்து. ஈரத் தலையில் பேன் சீப்பை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வாரி, இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் ஈறு பொரித்து வருவதும் அகப்பட்டுவிடும். கடுங்காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தானாகத் திரும்பும். ஆனால் காசளவு வட்டமாக உதிரும் புழுவெட்டுக்கு எந்தப் புழுவும் காரணமல்ல. அதையும், மாதக்கணக்கில் நில்லாத உதிர்வையும் வைத்தியரிடம் காட்டுவதே உசிதம்.

கடைசியாக, அந்தப் பெண்ணைப் பற்றி. பாட்டி வந்து சென்ற வாரமே நாம் தலைமையாசிரியையிடம் பேசினோம். இரட்டைச் சடை இருக்கட்டும், ஆனால் தளர்வாக இருந்தால் குற்றமில்லை, நெற்றிச் சுருளை யாரும் குறை சொல்லக்கூடாது என்று முடிவாயிற்று. வகுப்பில் 'பரட்டை' என்ற சொல்லுக்கும் தடை போட்டோம். நம்மைக் கேட்டால், அதுதான் முதலில் செய்திருக்க வேண்டிய சிகிச்சை. ஏழெட்டு மாதத்தில் பொட்டோரத்தில் புது முடி தலை காட்டியது. முதலில் பஞ்சு போல மெல்லியதாக இருந்தது. பிறகு, பிறப்பின் உரிமையை விட்டுக்கொடாமல், சுருண்டுகொண்டது!

வகுப்பில் அவளைப் பார்த்து, "முடி வந்துவிட்டதே!" என்றோம். "ஆமாம், டீச்சர். ஆனால் மறுபடியும் சுருட்டையாகவே வந்திருக்கிறது" என்று சற்று அஞ்சினாற்போல் சொன்னாள். "அது அப்படித்தான் வரவேண்டும், அம்மா" என்றோம். அந்த அச்சத்தை அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் நாமும் ஒருவர். உங்கள் வீட்டுப் பெண்ணின் தலையை நாளைக் காலையில் வாரும்போது, சீப்பை எடுக்குமுன் ஒரு நிமிஷம் அவள் முடியைப் பாருங்கள். அது எப்படி இருக்கிறதோ அதற்கேற்ற சீப்பை எடுங்கள்.